தொண்ணூறு நாள் பார்க்கலாம்

என் நாத்தனாருக்குத் தொழிற்சாலையில் வைத்த பட்டப்பெயர் துரு. வைத்தவர்கள் கீழே கடைசல் பட்டறைக்காரர்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் "என்னங்க, பழைய இரும்பு?" என்று திருப்பிக் கொடுப்பாள். அதனால் நானும் இங்கே அவளை அப்படியே எழுதுகிறேன். வயது முப்பத்தொன்று. என் கணவரின் ஒரே தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நான் அந்தத் தொழிற்சாலையின் அளவறைக்குப் பொறுப்பாளர். அவள் அதே அறையில் பரிசோதகர்.

அளவறை என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த தவறு பின்னால் புரியாது. எங்கள் தொழிற்சாலை எரிபொருள் பம்புகளுக்கான பாகங்களைச் செய்கிறது. கீழே கடைந்து, தேய்த்து அனுப்புவார்கள். அவை வரைபடத்தில் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. தலைமுடியைப் பத்தாக நீளவாக்கில் கிழித்தால் எவ்வளவு பருமன் இருக்குமோ, அந்தக் கணக்கில் பிழை பார்ப்போம். அறை எப்போதும் இருபது டிகிரி. சுவரில் ஒரு கருவி இருக்கிறது. உருளையில் சுற்றிய தாளில் அதன் பேனா அறையின் ஈரப்பதத்தை நாள் முழுவதும் கோடாகப் போட்டுக்கொண்டிருக்கும். வாரம் ஒரு முறை அந்தத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்பது நான்.

கீழேயிருந்து வரும் பாகம் சூடாக வரும். இரும்பு சூட்டில் பெருக்கும், ஆறினால் சுருங்கும். வந்தவுடன் அளந்தால் பொய்தான் சொல்லும். அதனால் எது வந்தாலும் கல்மேசையில் நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் ஜன்னலில் வந்து நின்று அவசரப்படுத்துவார்கள்.

"என்னம்மா, எங்க சரக்கு இன்னும் தூங்குதா?"

"தூங்கட்டும். பாதியில எழுப்பினா உளறும்" என்பாள் துரு.

அவள் அப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், யாரோ நச்சரித்தார்கள் என்று புஷ் என்கிற சின்ன உலோக வளையங்கள் நானூறைச் சூடு ஆறுமுன் அளந்து சரி என்று முத்திரை குத்திவிட்டாள். மறுநாள் அத்தனையும் சுருங்கிக் கிடந்தன. நானூறும் உருக்குகிற உலைக்குப் போயின. அன்று முதல் அவசரம் என்ற சொல்லே அவளுக்கும் எனக்கும் ஆகாமல் போயிற்று.

எங்கள் அறையில் எல்லா அளவுக்கும் ஆதாரமாக இருப்பவை ஸ்லிப் கேஜ் என்னும் எஃகுக் கட்டைகள். மரப்பெட்டியில் எண்பத்தேழு கட்டைகள், ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தித் திருப்பினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் கடைசித் திருப்பலை வெறும் விரல்தான் உணரும் என்பது அளவறையில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

துருவின் விரல்களைப் போல உணர்கிற விரல்களை நான் பார்த்ததில்லை. அந்த விரல்கள்தாம் வேர்த்தன. சரியாக மூடாத குழாயில் சேர்வது போல விரல் நுனியில் சேர்ந்து சொட்டும். இருபது டிகிரியிலும் சொட்டும். பருத்திக் கையுறை அரை மணியில் பிழியும்படி ஆகிவிடும். ரப்பர் உறையைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு மூடித் தண்ணீர் விழும். தேர்வுக் காலங்களில் கைக்கு அடியில் கைக்குட்டை போட்டு எழுதியவள் அவள். யாராவது கைகொடுக்க வந்தால் சட்டென்று எதையாவது தூக்கிக்கொண்டு "கையில சாமான் இருக்கு" என்பாள். இதற்காகவே ஒரு காலிப் பையை எங்கே போனாலும் கொண்டு போவாள்.

வேர்வையில் இருக்கும் உப்பு எஃகைத் தின்றுவிடும். அதனால் தினமும் வேலை முடிந்ததும் அவள் தொட்ட கட்டைகளை எல்லாம் நான் துடைத்து, கிரீஸ் தடவி வைத்துவிடுவேன். ஆறு வருடம் அப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை ஐம்பது மில்லிமீட்டர் கட்டையின் முகத்தில் ஒரு கட்டைவிரல், ரேகை ரேகையாக, செம்பழுப்பில் பதிந்திருந்தது.

ஃபோர்மேன் அதை இடுக்கியில் பிடித்து விளக்குக்கு நேரே காட்டினார். கெட்ட மனிதர் இல்லை.

"ஏம்மா, இது யாரு போட்ட கையெழுத்து?"

"என்னோடதுதான் சார். கொஞ்சம் அழுத்திப் போட்டுட்டேன்" என்றாள் துரு.

அவர் சிரிக்கவில்லை. "ஆறு மாசத்துல வெளியிலேர்ந்து தணிக்கைக்கு வர்றாங்க. அவங்க கண்ணுல இது பட்டா ரூமையே மூடிடுவாங்க. கை காயணும், இல்ல ஆள் மாறணும். நான் வேற என்ன சொல்ல? பேக்கிங்ல இடம் இருக்கு."

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டுவது. அன்று இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: "அண்ணி, எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா நான் யாரு?"

மருந்துகளை எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. பூசுகிற மருந்து எரிந்தது. தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் விடுகிற பெட்டி இரண்டு மாதம் உதவியது, பிறகு இல்லை. மாத்திரை வாயைக் காய வைத்தது, கையை விட்டுவிட்டது. மிச்சம் இருந்தது அறுவை சிகிச்சை. நான்தான் அந்த அறுவை மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போனதும் நான்தான்.

"அக்குள் பக்கம் சின்னச் சின்னதா ரெண்டு ஓட்டை. கேமரா விட்டு, முதுகெலும்பு ஓரமாப் போற நரம்புச் சங்கிலி மேல கிளிப் போடுவோம். ரெண்டு பக்கமும். கைக்குப் போற உத்தரவு நின்னுடும். மயக்கம் தெளிஞ்சு எழுந்திருக்கும்போதே கை காஞ்சிருக்கும்" என்றார் அவர்.

"வேற ஏதாவது ஆகுமா டாக்டர்?"

"வேற இடத்துல கொஞ்சம் கூட வேர்க்கலாம். நிறைய பேருக்கு அப்படித்தான். பழகிடும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அதுக்கெல்லாம் அளவு கிடையாதும்மா." சிரித்தார். "கிளிப்தானே. வேணாம்னா எடுத்துடலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் தாளில் எழுதி அடிக்கோடு போட்டேன். எடுத்துவிடலாம் என்கிற எதையும் செய்து பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அப்போது தோன்றியது. அவர்கள் கொடுத்த அச்சுத்தாளில் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'மற்ற இடங்களில் வேர்வை மிகுந்தால் விரைவில் தெரிவிக்கவும்.' எத்தனை நாள் என்று போட்டிருக்கவில்லை. எண் இல்லாத உத்தரவு எங்கள் தொழிலில் உத்தரவே அல்ல. அதை நான் படித்தேன், மடித்து வைத்தேன்.

சிகிச்சை முடிந்து கண் திறந்ததும் அவள் முதலில் செய்தது என் கன்னத்தில் கையை வைத்ததுதான். சூடான, உலர்ந்த கை. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கை யார் கன்னத்திலும் பட்டதில்லை. நெஞ்சு வலியில் முனகிக்கொண்டே சிரித்தாள். என் கணவர் தன் கையை நீட்டினார். அதைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினாள்.

"போதும்டி, கழண்டுடப் போகுது. நாளைக்கு ஸ்டியரிங் பிடிக்கணும்" என்றார் அவர். அவர் பேருந்து ஓட்டுநர்.

ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். வெறுங்கையால் ஐந்து கட்டைகளை ஒட்டி, மூன்று நாள் கிரீஸ் இல்லாமல் விட்டுப் பார்த்தோம். ஒரு புள்ளி துரு இல்லை. பட்டறைக்காரர்கள் ஜன்னலுக்கு வரிசையாக வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஃபோர்மேன் கூட வந்தார்.

சிகிச்சை முடிந்த பதினோராம் நாள் காலை அவள் நாற்காலியை விட்டு எழுந்தபோது, உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது.

மார்புக்கு நடுவே யாரோ கோடு கிழித்துப் பிரித்தது போல இருந்தது. கோட்டுக்கு மேலே நெற்றியும் கழுத்தும் கையும் காகிதம் போல் காய்ந்திருந்தன. கீழே முதுகு, வயிறு, தொடை, பாதம் எல்லாம் ஓடியது. சாப்பிட்டால் ஓடும், மாடி ஏறினால் ஓடும், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே ஓடும். பாதி நாளில் சட்டை முதுகோடு ஒட்டி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். மேலங்கியை மாட்டிக்கொள்வாள். பிறகு அதுவும் நனையும். வேலைக்கு நான்கு சட்டை எடுத்துப் போக ஆரம்பித்தாள். அந்தப் பழைய காலிப் பை இப்போது நிறைந்துவிட்டது.

ஜன்னலில் ஒருவன் கேட்டான்: "என்ன துரு, மழையா? வெளியில வெயில் கொளுத்துதே."

"எனக்கு மட்டும் தனியாப் பெய்யுது" என்றாள். அவன் போன பிறகு கழிவறைக்குப் போய் அரை மணி நேரம் வரவில்லை.

இருபத்தோராம் நாள் சாயங்காலம், நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அடுப்பு எரிந்தால் அவளுக்கு ஆகாது.

"அண்ணி, டாக்டர்கிட்ட போயிடலாம். கிளிப்ப எடுக்கச் சொல்லிடலாம்."

"இப்பவா?"

"இப்பவே. என்னால முடியல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். இந்த இடத்தில் நான் சொன்னதை உள்ளபடி எழுதுகிறேன்.

"உடம்பு இப்பதான் வெட்டுப்பட்டு வந்திருக்கு. பட்டறையிலேர்ந்து வந்த பாகம் மாதிரி. இன்னும் சூடு அடங்கல. இப்ப எடுக்கிற ரீடிங்க நம்பி கிளிப்ப எடுத்துட்டு, நாளைக்குத் தானா சரியாகியிருக்கும்னு தெரிஞ்சா? மறுபடி கை சொட்டும். மறுபடி பேக்கிங். தொண்ணூறு நாள் பார்க்கலாம். எல்லாத்தையும் எழுதி வைப்போம். அதோட போனா அவரும் சும்மா பேச முடியாது."

தொண்ணூறு என்பது எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் கருவிகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபார்ப்போம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அவள் நிலைச்சட்டத்தில் சாய்ந்து யோசித்தாள். நானூறு புஷ்கள் அவள் மனதில் வந்திருக்க வேண்டும். "சரி, கிடக்கட்டும்" என்றாள்.

உள்ளே செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அங்கிருந்தபடியே கத்தினார்: "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுஷிய மேசையில போட்டு வெச்சிருக்கீங்க! வண்டியில புதுசா ஒரு சத்தம் கேட்டா நான் அங்கயே ஓரங்கட்டுவேன். மூணு மாசம் ஓட்டிப் பாத்துட்டா சொல்லுவேன்?"

"நீங்க ஓரங்கட்டினதுல பாதி வெறும் சத்தம்தான். டிப்போவுல உங்களுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

துரு சிரித்துவிட்டாள். அவரும் தாளை மடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். என் வாய்க்கு அன்று வெற்றி.

நோட்டுப் போட்டேன். அன்றாடம் அவள் மாற்றுகிற சட்டைகளை ஸ்டோரில் இருக்கும் தராசில் முன்னும் பின்னும் நிறுத்து, வித்தியாசத்தைக் கிராமில் எழுதினேன். அறையின் சூடு, சாப்பிட்ட நேரம், குடித்த தண்ணீர், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். இருபத்திரண்டாம் நாள் நூற்றெண்பது கிராம். முப்பதாம் நாள் நானூற்றிருபது. நாற்பதாம் நாள் அறுநூற்று நாற்பது. அதற்குப் பிறகு கோடு ஏறவில்லை. அறுநூற்று முப்பது, அறுநூற்றைம்பது, மறுபடி அறுநூற்று நாற்பது. வரைதாளில் அது மேசை போல நேராக ஓடியது.

"பாத்தியா, நிலைக்கு வந்துடுச்சு" என்று நான் அவளிடம் காட்டினேன். சந்தோஷமாகவே காட்டினேன்.

அவள் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். "நிலைக்கு வந்துடுச்சு அண்ணி. ஆனா எங்க வந்து நிக்குது பாத்தீங்களா?" என்றாள்.

அதற்குள் அவள் பேருந்தில் உட்காருவதை விட்டிருந்தாள். சினேகிதியின் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை. கை வெடித்துப் பிளந்தது. களிம்பு தடவினால் கட்டையைத் தொடக்கூடாது என்பதால் தடவாமல் இருந்தாள். வேகமாக நடந்தால் முகம் தீப்பிடித்தது போலச் சிவந்துவிடும். நெற்றியில் ஒரு சொட்டு வராது. குழாயில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

சுவரில் இருக்கும் அந்த ஈரப்பதக் கருவி அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் வேலை செய்யும் நேரங்களில் பேனா ஈரப்பத வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாண்டவில்லை. நான் அவள் மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். பேனா சற்றே இறங்கியது, கோட்டுக்குக் கீழே வரவில்லை. ஏழு வாரத் தாள்களில் நான் கையெழுத்துப் போட்டேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் மூன்று பேருமாக மருத்துவரிடம் போனோம். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பிரமாதம்! என் அனுபவத்துல யாரும் இப்படி எழுதிட்டு வந்ததில்ல. யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"அடுத்த மாசம் எங்க ஆளுங்க கூட்டம் ஒண்ணு இருக்கு. இதை ஒரு காப்பி எடுத்துக்கலாமா?"

அவர் நோட்டை மூடிவிட்டு, முதல் முறையாகத் துருவின் முகத்தைப் பார்த்தார்.

"ஆனா ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?"

"நிலைக்கு வரட்டும்னு..." என்று நான் தொடங்கினேன்.

"ஒரு மாசத்துக்குள்ள வந்திருந்தா எடுத்துப் பாத்திருக்கலாம். அப்பக்கூட உறுதி இல்ல. சில பேருக்குத் திரும்பியிருக்கு, சில பேருக்கு இல்ல. கிளிப் நரம்ப நசுக்கிப் பிடிச்சிருக்கும். நாளாக ஆக அந்த இடம் செத்துடும்."

"நீங்க வேணாம்னா எடுத்துடலாம்னு சொன்னீங்க" என்றார் என் கணவர். குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்கும்.

"இப்பவும் எடுக்கலாம் சார். கிளிப் வந்துடும். வேர்வை போகும்னு என்னால சொல்ல முடியாது." மேசையிலிருந்த அச்சுத்தாளை எடுத்து அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "விரைவில்னு போட்டிருக்கோமே."

துரு ஒன்றே ஒன்று கேட்டாள். "இருபத்தொண்ணாம் நாள் வந்திருந்தா?"

"வாய்ப்பு இருந்திருக்கும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய நாற்காலிக்குக் கீழே இரண்டு சொட்டுகள் இருந்தன.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அவள் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். என் கணவர் தண்ணீர் வாங்கி வரப் போயிருந்தார்.

"அண்ணி, அந்த நோட்டக் கொடுங்க."

கொடுத்தேன். இருபத்தோராம் நாள் பக்கத்தைத் திருப்பினாள்.

"அன்னிக்குப் போயிடலாம்னு நான் சொன்னேனே. அத எழுதலியா?"

"அது ரீடிங் இல்லியே..." என்றேன். சொல்லி முடிக்குமுன்னே எனக்கு என் குரல் கேட்டது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நோட்டை மூடி, என் மடியில் வைத்தாள். "சரின்னு சொன்னதும் நான்தானே" என்றாள். அது எனக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது. ஆனால் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

கிளிப்பை எப்படியும் எடுத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னாள். போகாது என்று மருத்துவர் சொல்லவில்லை, போகும் என்று சொல்ல முடியாது என்றுதான் சொன்னார் என்பது அவள் பிடித்துக்கொண்ட கொம்பு. இரண்டு வாரத்தில் நாள் குறித்தார்கள். ஒப்புதல் படிவத்தில் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் முறை போட்டது நான். இந்த முறையும் பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன்.

"அண்ணன் போடட்டும்" என்றாள்.

அவர் போட்டார். ஓட்டுநர் உரிமத்தில் போடுவது போல, பெட்டிக்கு வெளியே கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

கிளிப்புகள் வெளியே வந்தன. ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அரிசியில் பாதி அளவுகூட இல்லாத நான்கு துண்டுகள். ஒரு மாதம் காத்திருந்தோம், இரண்டு மாதம் காத்திருந்தோம். இந்த முறை யாரும் எதையும் நிறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்துவிட்டு வந்து, தலை துவட்டிக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்: "விடுண்ணா. பழையபடி திரும்பாது." முதுகில் அப்போதே சட்டை கறுத்திருந்தது.

தணிக்கைக்காரர்கள் சொன்னபடி வந்தார்கள். கட்டைகளைப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு ஈரப்பதத் தாள்களைக் கேட்டார்கள். வெறுமையாக இருந்த கட்டங்களைப் பேனாவால் சுற்றினார்கள். எதிரே நின்ற துரு எனக்கு முன்னால் பேசினாள். "காரணம் நான்தான் சார். அவங்க எழுதல, அவ்வளவுதான்." ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார். ஏழாக இருந்த வெற்றுக் கட்டங்கள் அதற்குள் பதினாறாகியிருந்தன; மறுநாள் நான் அத்தனையிலும் காரணம் எழுதினேன். அவள் பெயரை, துரு என்றல்ல, நல்ல பெயரை, பதினாறு முறை எழுதினேன்.

பேக்கிங்குக்குத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தோம். அவள் தானாகப் போய் வேறு இடம் கேட்டிருக்கிறாள். உலைக்கூடம். கடைந்த பாகங்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துகிற இடம். ஃபோர்மேன் என்னிடம் ஓடி வந்தார்.

"நீங்க சொல்லித் தடுக்கக் கூடாதா? அந்தப் பொண்ணுக்கு முகம் வேர்க்காது. அந்தச் சூட்டுல மண்டை கொதிச்சு விழுந்துச்சுன்னா நான் பதில் சொல்லணும்."

"என் பேச்ச அவ கேட்டது போதும் சார்" என்றேன். ஆனாலும் மதிய இடைவேளையில் போனேன்.

உலைக்கூடத்துக்குள் நான் அதுவரை போனதில்லை. கதவைத் தாண்டியதும் காற்று கன்னத்தில் அறைந்தது. ஆறேழு பேர் நின்றார்கள். எல்லாருடைய சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. அதனால் அவள் எங்கே என்று உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பார்த்தேன். தலையில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். பக்கத்தில் வாளியும் குவளையும். அந்த இடத்திலேயே அவள் நெற்றி ஒன்றுதான் காய்ந்திருந்தது. ஒருவர் ஏதோ சொல்ல, அவள் பதில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தாள்.

"என்ன அண்ணி, இங்க?"

"உனக்கு இது ஆகாதும்மா. முகத்துல வேர்வையே வராதே. தலை சூடேறி மயக்கம் வந்துடும். பேக்கிங்ல காத்தாடி இருக்கு, நிழல் இருக்கு."

"பேக்கிங்ல எல்லாரும் காஞ்சிருக்காங்க அண்ணி. இங்க நான் நனைஞ்சிருக்கேன்னு யாருக்கும் தெரியாது." குவளையில் தண்ணீர் மொண்டு தலைத்துணியில் ஊற்றிக்கொண்டாள். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊத்திக்கிறேன். மறந்தா இவங்க ஊத்துறாங்க."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

பின்னால் உலைக்கதவு திறந்தது. செக்கச்செவேலென்று தட்டு வெளியே வந்தது. அவளை யாரோ கூப்பிட்டார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பியவள், நான் இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க போங்க அண்ணி. இங்க நின்னா உங்களுக்கு வேர்க்கும்."